தலையெழுத்துக்கு ஒரு முழக்கோல்

நம் நாட்டில் அளக்கப்படாத சங்கதி மிகவும் குறைவு. நிலத்தைச் சங்கிலி போட்டு அளக்கிறோம். நெல்லை எடை போட்டு அளக்கிறோம். மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, புயல் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, எந்த ஊரில் எந்த நேரத்தில் கரை ஏறும் என்பதையெல்லாம் அளந்து முன்னதாகவே சொல்லியும் விடுகிறார்கள். ஆனால் அந்தப் புயலைப்பற்றிக் கரையில் குடியிருக்கும் மனிதன் தன் மனத்தில் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான், எச்சரிக்கை வந்தால் எழுந்து போவானா, போகமாட்டானா, போகாவிட்டால் என்ன காரணத்தால் போகமாட்டான் என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்கிற எண்ணம் மட்டும் நம்மவர்களில் வெகு சிலருக்கே உண்டாகிறது. புயலின் வேகத்தைச் சரியாகச் சொன்ன பிறகும் மனிதன் வீட்டிலிருந்து சாகிறான் என்றால், அளக்க வேண்டிய மற்றொன்றை அளக்காமல் விட்டுவிட்டோம் என்பதைத் தவிர வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

மனத்தை எப்படி அளப்பது என்று சிலர் கேட்கலாம். அளக்கலாம். வெளிநாடுகளில் அளந்தும் இருக்கிறார்கள். அதனால் தெரிந்துகொண்டது என்ன, அதில் நாம் கற்க வேண்டியது என்ன என்பதே இவ்வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

முதலாவது, ஒரு விபத்து ஏன் வந்தது என்று கேட்டால் நம் ஜனங்களுக்குத் தயாராகக் கிடைக்கும் பதில் ஒன்று இருக்கிறது. கடவுளுக்குக் கோபம், கலி முற்றிவிட்டது, அவனவன் தலையெழுத்து என்பதுதான் அது. இப்பதிலைப் பாமர மக்கள் மாத்திரம் சொல்லுவதாக நினைத்துவிடக் கூடாது. 1934ஆம் வருஷம் ஜனவரி 15ந் தேதி பீகாரில் பூகம்பம் உண்டாகி ஆயிரக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அச்சமயம் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியார் அவர்கள், திருநெல்வேலியில் பேசும்போது, இப்பூகம்பம் தீண்டாமை என்கிற பாவத்திற்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று நம்பும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். கவி ரவீந்திரநாத் தாகூர் அவர்கள் இதைப் பொறுக்க மாட்டாமல், இயற்கையில் நடக்கும் காரியத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று மறுத்து எழுதினார். அம்மறுப்பைக் காந்தியாரே பிப்ரவரி 16ந் தேதி தமது "ஹரிஜன்" பத்திரிகையில் வெளியிட்டு, தம் பதிலையும் எழுதினார். எதிரான கருத்தை மறைக்காமல் வெளியிட்ட யோக்கியதையை நாம் மெச்சுகிறோம். ஆனால் அந்தக் கருத்தை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. தீண்டாமை கொடுமையானது. அதைக் கொடுமை என்று சொல்லப் பூகம்பத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய அவசியமே இல்லை. தவிரவும், அன்று இடிந்து விழுந்த சுவர் தீண்டாதவன் யார், தீண்டப்படாதவன் யார் என்று பார்த்தா விழுந்தது? குற்றம் செய்தவனையும், குற்றத்தினால் வதைபட்டவனையும் ஒன்றாகச் சேர்த்துக் கொன்றுவிட்டு அதற்குத் தண்டனை என்று பேர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இப்படி நம்புகிறவன் அடுத்த பூகம்பத்துக்கு என்ன செய்வான்? தண்டனை என்று நம்பினால் பிராயச்சித்தம் செய்வான், உண்டியலில் பணம் போடுவான். சுவரைப் பலமாகக் கட்ட மாட்டான். ஆகவே விபத்தைப்பற்றி ஒருவன் கொண்டிருக்கும் நம்பிக்கை வெறும் வாய்ப்பேச்சுச் சங்கதியல்ல. அது அவன் வீட்டுச் சுவரிலும், அவன் பிள்ளை குட்டிகளின் உயிரிலும் வந்து முடிகிற சங்கதியாகும்.

இதே தகராறு ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. 1755ஆம் வருஷம் நவம்பர் 1ந் தேதி, சகல புண்ணியவான்களின் திருநாளன்று, ஜனங்கள் மாதா கோயில்களில் கூடியிருந்த சமயத்தில், போர்த்துகல் தேசத்து லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் இடிந்தது. பிறகு கடல் பொங்கிற்று. பிறகு நெருப்புப் பற்றிற்று. மலக்ரிதா என்ற பாதிரியார், இது பாவத்துக்குத் தண்டனை, ஆகையால் செய்ய வேண்டியது தவமே என்று பிரசாரம் செய்தார். மந்திரியாயிருந்த பொம்பால் வேறு வழியில் போனார். ஒவ்வொரு பங்குக் குருவுக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். நடுக்கம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எத்தனை வீடு விழுந்தது, எத்தனை பேர் செத்தார்கள், கடல் முதலில் ஏறிற்றா அல்லது வற்றிற்றா என்றெல்லாம் அதில் கேட்டிருந்தது. பின்னால் அந்த மலக்ரிதாவை மதவிரோதி என்று சொல்லி 1761ல் கொன்றார்கள். கருத்துக்கு உயிர்த் தண்டனை கொடுப்பது நமக்கு ஒருக்காலும் சம்மதமல்ல. அது அந்தக் கேள்விப் பட்டியலின் பெருமைக்கே இழுக்கு. நாம் கவனிக்க வேண்டியது, இறைவன் ஏன் கோபித்தான் என்று கேட்பதை விட்டுவிட்டு, கடல் முதலில் ஏறிற்றா இறங்கிற்றா என்று கேட்க ஆரம்பித்த அந்த ஒரு மாறுதலைத்தான். கேள்வி மாறியவுடன் வேலையும் மாறிற்று. ஆட்டம் தாங்கும்படி உள்ளே மரச்சட்டம் வைத்த வீடுகள் லிஸ்பனில் எழும்பின.

நிற்க, பொம்பால் கேட்டதெல்லாம் கடலையும் சுவரையும்பற்றித்தான். மனிதன் மனத்தைப்பற்றிக் கேட்கும் முறை வர இன்னும் பல காலம் ஆயிற்று. 1932ல் அமெரிக்காவைச் சேர்ந்த ரென்சிஸ் லைக்கர்ட் என்பவர் சுலபமான ஒரு முறையை வெளியிட்டார். ஒருவனைப் பார்த்து, நீ இதை நம்புகிறாயா இல்லையா என்று வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வதுபோல் கேட்பதில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லுவது. அதை அவன் முழுக்க ஒப்புக்கொள்ளுகிறானா, ஓரளவு ஒப்புக்கொள்ளுகிறானா, இரண்டும் இல்லையா, ஓரளவு மறுக்கிறானா, முழுக்க மறுக்கிறானா என்று ஐந்து படியில் ஒன்றைக் காட்டச் சொல்லுவது. இம்மாதிரிப் பல வாக்கியங்களுக்கு வந்த படிகளைக் கூட்டினால், அவன் மனம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மளிகைக் கடைத் தராசு எப்படியோ அப்படித்தான்.

பிறகு 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதார இலாகாவுக்கு ஒரு சங்கடம் வந்தது. காச நோயைக் கண்டுபிடிக்க நெஞ்சைப் படம் பிடிக்கும் வசதி இலவசமாகவே கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் பலர் வரவில்லை. வராதவன் முட்டாள் என்று சொல்லிவிட்டு உத்தியோகஸ்தர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலியவர்கள் வராததற்குக் காரணம் என்ன என்று விசாரித்தார்கள். அந்த விசாரணையிலிருந்து கிளம்பிய தத்துவம், பின்னால் மற்றவர்கள் சேர்த்ததையும் சேர்த்து, ஆறு கேள்விகளாக நின்றது. விபத்துகளுக்கும் அதே ஆறு பொருந்தும் என்று கண்டு, துருக்கி தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 2018ல் விபத்துக்குத் தயாராவதைப்பற்றிய நம்பிக்கைகளை அளக்க ஓர் அளவுகோலே செய்து வெளியிட்டார்கள். அந்த ஆறையும் நம் கடற்கரைக் கிராமத்து மனிதன் வாயில் வைத்துச் சொன்னால் நமது வாசகர்களுக்கு எளிதில் விளங்கும்.

ஒன்று, "இது எனக்கு வருமா?" என்பது. புயல் எப்போதும் அடுத்த ஊருக்குத்தான் போகும் என்று நினைப்பவன் மூட்டை கட்ட மாட்டான். இரண்டு, "வந்தால் எவ்வளவு கெடுதி?" என்பது. போன தடவை ஓலைதானே பறந்தது என்பவன் இத்தடவையும் அப்படியே என்று இருப்பான். மூன்று, "நான் எதையாவது செய்தால் பலன் உண்டா?" என்பது. தலைவிதிக்காரன் அகப்பட்டுக்கொள்ளுகிற இடம் இதுதான். நான்கு, "செய்ய எது தடை?" என்பது. காசில்லை, வண்டியில்லை, படகையும் ஆட்டையும் விட்டுப் போக மனமில்லை, படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறாள் என்பவை இதில் சேரும். ஐந்து, "என்னை எழுப்பிவிட யார் இருக்கிறார்கள்?" என்பது. தண்டோராவோ, ஒலிபெருக்கியோ, கைத் தொலைபேசியில் வரும் செய்தியோ, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதோ ஏதாவது ஒன்று வேண்டும். ஆறு, "என்னால் இது முடியுமா?" என்பது. எல்லாம் தெரிந்தும், இது நமக்கு ஆகிற காரியமல்ல என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் எத்தனை பேர்!

இப்போது கவனியுங்கள். இந்த ஆறில் எதிலே தடுக்கி நின்றவனும் வெளியே சொல்லுவது ஒரே வார்த்தைதான். "எல்லாம் விதிப்படி நடக்கும்" என்பான். சாமியை நம்பி இருக்கிறவனும் அதைத்தான் சொல்லுவான். கையில் காசில்லாதவனும் அதைத்தான் சொல்லுவான். அதிகாரியை நம்பாதவனும் அதைத்தான் சொல்லுவான். விதி என்பது ஒரே நோய் அல்ல. பல நோய்களுக்கு ஜனங்கள் வைத்திருக்கும் ஒரே பேர். எல்லா நோயையும் காய்ச்சல் என்று சொல்லி ஒரே கஷாயத்தைக் கொடுக்கும் வைத்தியனை நாம் போலி என்கிறோம். அப்படியிருக்க, விதி என்று சொன்னவனுக்கெல்லாம் மூடநம்பிக்கை ஒழிப்புப் பிரசங்கம் ஒன்றையே மருந்தாகக் கொடுத்தால் அது மட்டும் எப்படி வைத்தியமாகும்?

அளந்து பார்த்தவர்கள் கண்டது என்ன? 1972ல் சிம்ஸ், பௌமன் என்ற இருவர் அமெரிக்காவில் சூறாவளிச் சுழற்காற்றைப்பற்றி ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். வடக்கேயுள்ள இல்லினாய் மாகாணத்தாரிடமும், தெற்கேயுள்ள அலபாமா மாகாணத்தாரிடமும் பாதி வாக்கியங்களைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொன்னார்கள். வடக்கத்தியார் தங்கள் வாழ்வு தங்கள் கையில் என்கிற பாவனையில் முடித்தார்கள்; எச்சரிக்கை வந்தால் ரேடியோவைக் கேட்போம் என்றார்கள். தெற்கத்தியாரில் அதிகம் பேர் கடவுள் கையில், அதிர்ஷ்டத்தின் கையில் என்று முடித்தார்கள்; எச்சரிக்கை வந்தால் வானத்தைப் பார்ப்போம் என்றார்கள். தெற்கேதான் சுழற்காற்றில் சாவும் அதிகம். ஆகவே சாவுக்கு இந்த மனப்பான்மையும் ஒரு காரணம் என்று அவ்விருவரும் எழுதினார்கள்.

இதைப் படித்தவுடன் நம் தோழர்களுக்குக் கை தட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே விழுங்கிவிடவில்லை. தெற்கே சுழற்காற்று இரவில் வருவது அதிகமல்லவா, தூங்குகிறவன் ரேடியோவைக் கேட்பது எப்படி, அங்கே பலமில்லாத வீடுகளில் குடியிருப்போர் அதிகமல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். நமக்குப் பிடித்த முடிவு வந்துவிட்டது என்பதற்காக அதைச் சோதிக்காமல் ஒப்புக்கொண்டால், நமக்கும் புராணப் பிரசங்கிக்கும் வித்தியாசம் என்ன? மனத்தை அளக்கிறவன் கூடவே கூரையையும் அளக்க வேண்டும் என்பதே இதிலிருந்து தெரிவது.

மற்றொன்று இதைவிட நமக்கு உபயோகமானது. நியூஸிலாந்தில் மெக்ளூர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2001ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பூகம்பச் செய்தியை இரண்டு விதமாக எழுதி ஜனங்களிடம் கொடுத்தார்கள். ஒரு விதத்தில், ஊரே நாசம், எல்லாம் விழுந்தது என்று இருந்தது. மற்றதில், இந்தக் கட்டிடம் விழுந்தது, பக்கத்திலிருந்த அந்தக் கட்டிடம் நின்றது, நின்றதற்குக் காரணம் அது கட்டப்பட்ட விதம் என்று இருந்தது. முதலாவதைப் படித்தவர்கள், பூகம்பத்துக்கு முன் மனிதன் என்ன செய்ய முடியும் என்று சோர்ந்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள், தடுக்க வழி உண்டு என்று நினைத்தார்கள். பார்த்தீர்களா? விதி நம்பிக்கையைக் கோயிலும் ஜோசியனும் மாத்திரம் வளர்ப்பதில்லை. "கோரத் தாண்டவம்", "இயற்கையின் சீற்றம்" என்று தலைப்புப் போடும் பத்திரிகைக்காரனும் வளர்க்கிறான். இயற்கைக்குச் சீற்றமும் இல்லை, தாண்டவமும் இல்லை. எந்த வீடு நின்றது, ஏன் நின்றது என்று எழுதுவதுதான் பத்திரிகையின் வேலை.

இனி, முன்சொன்ன துருக்கிக்கே திரும்புவோம். அந்நாட்டில் 1999 ஆகஸ்டு 17ந் தேதி உண்டான பூகம்பத்தில் சர்க்கார் கணக்குப்படியே 17,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் கட்டிட விதிகளைப்பற்றியும், ஜனங்களைத் தயார் செய்வதைப்பற்றியும் பேச்சு பலமாயிற்று. 2018ல் ஆராய்ச்சியாளர்கள் ஜனங்களின் நம்பிக்கையை அளக்கக் கோல் செய்தார்கள் என்று சொன்னோம். அதே 2018ஆம் வருஷம் அந்நாட்டுச் சர்க்கார் செய்த காரியம் என்ன தெரியுமா? அனுமதியில்லாமலும் விதியை மீறியும் கட்டப்பட்ட கட்டிடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு மன்னிப்புச் சீட்டுக் கொடுத்தது. 2023 பிப்ரவரி 6ந் தேதி தென்கிழக்குத் துருக்கியில் பெரும் பூகம்பம் வந்தது. அந்நாட்டில் மட்டும் 50,000க்கு மேற்பட்ட மக்கள் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து அங்கே போன ஜனாதிபதி எர்டோகன் அவர்கள், இம்மாதிரிக் காரியங்கள் விதியின் திட்டத்தில் உள்ளவை என்ற கருத்துப்படப் பேசினார். அப்பூகம்பப் பகுதியிலேயே எர்சின் என்ற ஊரில் கட்டிடங்கள் விழவில்லை, உயிர்ச் சேதமும் இல்லை. சட்ட விரோதக் கட்டிடங்களுக்கு நாங்கள் இடங்கொடுக்கவில்லை என்றார் அவ்வூர் நகரத் தலைவர். அவ்வூர் நிலத்தின் உறுதியும் ஒரு காரணம் என்றார்கள் நிபுணர்கள். எதுவானாலும், நிலம் எப்படிப்பட்டது, சுவர் எப்படிப்பட்டது என்பவையெல்லாம் அளக்கக் கூடியவை. விதியின் திட்டத்தைத்தான் யாரும் அளந்து பார்த்ததில்லை.

நாம் கேட்பது இதுதான். ஏழைக் குடிமகனிடம் கேள்வித்தாளைக் கொண்டுபோய், நீ விதியை நம்புகிறாயா என்று கேட்கிறோமே, கட்டிடத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரியிடம் அந்தத் தாளைக் கொண்டு போனவர் யார்? ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்கிறவன் எந்தப் படியில் இருக்கிறான் என்று அளந்தவர் யார்? குடிமகன் விதி என்று சொன்னால் அது அவன் இயலாமை. அதிகாரத்தில் இருக்கிறவன் விதி என்று சொன்னால் அது அவன் தப்பித்துக்கொள்ளும் வழி. இரண்டும் ஒரே சொல்லாயிருப்பதால் இரண்டும் ஒரே குற்றமாகிவிடாது. ஜனங்கள் மூடநம்பிக்கையால் செத்தார்கள் என்று உத்தியோகஸ்தன் எழுதும் அறிக்கையும் ஒரு வகையில் கர்ம சித்தாந்தமேயாகும். செத்தவன் தலையிலேயே குற்றத்தையும் எழுதிவிடுகிறதல்லவா?

ஜனங்களுக்குச் சரியான அறிவும் வழியும் கிடைத்தால் அவர்கள் விதியைக் கட்டிக்கொண்டு அழுவதில்லை என்பதற்கு அத்தாட்சிகள் நிறைய உண்டு. 2004 டிசம்பர் 26ந் தேதி சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூகம்பம் உண்டாகி ஆழிப்பேரலை எழுந்தது. நம் தமிழ்நாட்டில் மாத்திரம் ஏறக்குறைய 8,000 பேரும், அதில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கு மேற்பட்டவர்களும் மாண்டார்கள். பூகம்பத்துக்கு மிகச் சமீபத்தில், அலை சில நிமிஷங்களில் எட்டும் தூரத்தில், சிமுலு என்ற தீவு இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 78,000 ஜனங்கள். செத்தவர்கள் ஏழு பேர். காரணம் என்ன? 1907ல் அத்தீவை ஒரு பேரலை அடித்தது. அதைக் கண்டவர்கள், நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். அத்தீவினரும் தெய்வ பக்தி உள்ளவர்களே. ஆனால் அன்று கடல் உள்வாங்கியபோது அவர்கள் கை கூப்பிக்கொண்டு நின்றுவிடவில்லை. கால் ஓடிற்று. பாட்டன் பாட்டி சொன்னது எல்லாமே குப்பை என்று நாம் என்றும் சொன்னதில்லை. கண்டதைச் சொன்ன பாட்டியின் சொல் சாஸ்திரத்தைவிட மேலானது.

அதே நாளில் புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவக் கிராமத்துக்கு, சிங்கப்பூரிலிருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் செய்தி சொன்னார். ஊரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வைத்திருந்த நிலையத்தின் ஒலிபெருக்கியில் கூவி ஊரையே மேட்டுக்குக் கிளப்பினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள். முன்சொன்ன ஐந்தாவது கேள்விக்கு, அதாவது என்னை எழுப்பிவிட யார் இருக்கிறார்கள் என்பதற்கு, அவ்வூரில் பதில் இருந்தது. இந்துமாக் கடலுக்கென்று அன்று எச்சரிக்கை ஏற்பாடு கிடையாது. இந்திய சர்க்கார் அதை ஐதராபாத்தில் ஏற்படுத்தியது 2007ல்தான்.

ஒரிஸாவைப் பாருங்கள். 1999 அக்டோபர் 29ந் தேதி அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013 அக்டோபரில் பைலின் என்ற கடும்புயல் வந்தபோது, அது முன்னதைவிடச் சற்றுக் குறைந்ததே என்றாலும், பத்து லட்சம் பேர் வரை முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டார்கள். புயலிலும் அதையொட்டி வந்த வெள்ளத்திலுமாகச் செத்தவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. அந்தப் பதினாலு வருஷத்தில் ஒரிஸா ஜனங்கள் ஜகந்நாதரை விட்டுவிட்டார்களா? இல்லை. அந்த ஜகந்நாதர் புதிதாகக் கருணை கொண்டாரா? அதுவும் இல்லை. புயல் பாதுகாப்புக் கட்டிடங்கள் வந்தன, எச்சரிக்கை வீட்டு வாசலுக்கு வந்தது, வருஷா வருஷம் ஒத்திகை நடந்தது. எழுந்து போனால் பலன் உண்டு என்பதை ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். கண்ணால் கண்ட பலன் உடைக்கிற அளவு நமது ஆயிரம் பிரசங்கம் விதியை உடைக்காது.

இனி, வெளிநாட்டு அளவுகோல்களில் காணப்படாமல், நம் நாட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டிய கேள்விகளைச் சொல்லுகிறோம். 2004 அலைக்குப் பிறகு நம் கடற்கரை மாவட்டங்களில் நிவாரண முகாம்களிலும், உதவி கொடுப்பதிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்று மனித உரிமைச் சங்கங்களும் பத்திரிகைகளும் எழுதின. அலை சாதி பார்க்கவில்லை, அரிசி மூட்டை பார்த்தது! அப்படி ஒரு தடவை வாசலில் நிறுத்தப்பட்டவனிடம் அடுத்த தடவை போய், ஏனப்பா பாதுகாப்பு இல்லத்துக்கு வரவில்லை என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? அவமானத்தைச் சொல்ல வாய் வராமல், எங்கள் விதி என்றுதான் சொல்லுவான். கேட்டவர், இவன் விதி நம்பிக்கைக்காரன் என்று ஐந்தாவது படியில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்.

பெண்கள் விஷயமும் அப்படியே. 1991 ஏப்ரலில் வங்காள தேசத்தை அடித்த புயலில் ஒரு லட்சத்து முப்பதினாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பெண்கள் சாவு ஆண்கள் சாவைவிடப் பல மடங்கு. கணவனைக் கேட்காமல் வெளியேறக்கூடாது, அன்னிய ஆண்கள் கூடிய இடத்தில் போய் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடும், இடுப்பில் குழந்தையும், உடம்பில் சுற்றிய சேலையும் அவர்களை இழுத்து வைத்தன. நம் கடலூர் மாவட்டத்தில் 2004 அலையைப்பற்றி ஆக்ஸ்பாம் சங்கத்தார் எடுத்துக்காட்டிய கணக்கில், செத்த ஆண்கள் 146, செத்த பெண்கள் 391. நீந்தவும் மரம் ஏறவும் ஆண் பிள்ளைக்கு மாத்திரம் கற்றுக்கொடுத்தது எந்த விதி? பிரம்மா எழுதியதா, நாம் எழுதியதா?

ஆகவே நமது வாசகர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். கடற்கரையிலும் ஆற்றோரத்திலும் ஏரிக்கரையிலும் உள்ள சங்கத்தார், ஆசிரியர்கள், வாலிபர்கள், ஐப்பசி மழைக்கு முன் தங்கள் ஊரில் வீடுதோறும் இவ்வாக்கியங்களைச் சொல்லி, ஐந்து படியில் எதில் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1. இந்த வருஷம் நம் வீட்டுக்குள் வெள்ளமோ புயலோ வரக்கூடும்.
2. வந்தால் உயிருக்கே ஆபத்து வரலாம்.
3. முன்னதாக ஏற்பாடு செய்தால் சாவைக் குறைக்கலாம்.
4. சாகிற நாள் வந்துவிட்டால் எதைச் செய்தும் பயனில்லை.
5. எச்சரிக்கை வந்தால் எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.
6. கிழவர், நோயாளி, கைக்குழந்தைகளைத் தூக்கிப்போக ஆள் இருக்கிறது.
7. வீட்டையும் ஆடு மாட்டையும் படகையும் விட்டுப்போனால் திரும்பி வரும்போது அவை இருக்கும்.
8. சர்க்கார் சொல்லும் எச்சரிக்கையை நம்பலாம்.
9. பாதுகாப்பு இல்லத்தில் எல்லோரோடும் சமமாக எனக்கு இடமும் சோறும் கிடைக்கும்.
10. வீட்டில் ஆண் இல்லாவிட்டாலும் பெண் தானாகவே முடிவு செய்து புறப்படலாம்.

கேட்கும்போது சில ஜாக்கிரதைகள் வேண்டும். பேர் எழுதக் கூடாது. எழுதினால் ரேஷன் அட்டை போய்விடுமோ என்று பயந்து, நமக்குப் பிடித்த பதிலையே சொல்லுவார்கள். பெண்ணிடம் பெண்ணே கேட்க வேண்டும். வீட்டுக்காரனை நிறுத்திக்கொண்டு கேட்டால் அவன் பதில்தான் வரும். நாலாவது வாக்கியத்தை ஒருவர் ஒப்புக்கொண்டால் சிரிக்கக் கூடாது, அந்த இடத்திலேயே தர்க்கத்துக்கும் போகக் கூடாது. தராசுக்குத் தர்க்கம் செய்கிற வேலையில்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக, வாய்ப் பதிலோடு நின்றுவிடாமல் கண்ணாலும் பார்க்க வேண்டும். ஏற்பாடு அவசியம் என்று முழுக்க ஒப்புக்கொண்டவர் வீட்டில் விளக்கும், குடிதண்ணீரும், பத்திரங்கள் போட்ட நனையாத பையும் இருக்கின்றனவா? சொல்லுவது ஒன்று, செய்வது ஒன்று என்பது மனித சுபாவம். பகுத்தறிவு பேசுகிறவர் வீட்டிலும் அந்தப் பை இல்லாமல் இருக்கலாம். விதியை நம்பாதது மாத்திரம் ஒருவரையும் வெள்ளத்தில் மிதக்க வைக்காது.

பிறகு கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நாலாவதில் ஊர் சாய்ந்திருந்தால் அங்கே கூட்டம் போடுங்கள், நின்ற வீட்டையும் விழுந்த வீட்டையும் காட்டிப் பேசுங்கள். ஆறாவதிலும் ஏழாவதிலும் சாய்ந்திருந்தால் பிரசங்கம் வேண்டாம், ஆளும் வண்டியும் காவலும் ஏற்பாடு செய்யுங்கள். எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் சாய்ந்திருந்தால் கணக்கை எடுத்துக்கொண்டு கலெக்டர் கச்சேரிக்குப் போங்கள்; உங்களை நம்பாததற்குக் காரணம் இதோ என்று மேஜைமேல் வையுங்கள். பத்தாவதில் சாய்ந்திருந்தால் ஆண்களைக் கூட்டிவைத்துப் பேசுங்கள். மழைக்காலம் கழிந்த பிறகு அதே கேள்விகளை மறுபடியும் கேளுங்கள். எது மாறிற்று, எது மாறவில்லை என்று பார்த்தால் நம் வேலையின் யோக்கியதையும் தெரிந்துவிடும்.

மனிதன் விதி என்று சொல்லும்போது நாம் அவனோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால், எந்த இடத்தில் வழியடைத்து அவன் அப்படிச் சொல்லுகிறான் என்று பார்ப்பதே பகுத்தறிவாகும். அடைப்பு அவன் மூளையில் இருந்தால் மூளையில் எடுப்போம். அவன் தெருவில் இருந்தால் தெருவில் எடுப்போம். அவனை ஆளுகிறவன் கச்சேரியில் இருந்தால் அங்கே எடுப்போம். ஐப்பசி நெருங்கும் வரை காத்திராமல் கேள்வித்தாளை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.